பதினாறாம் ஷரத்து

பவ வருஷம் புரட்டாசி எட்டாம் நாள்
கோட்டையில் இருபத்தொரு பீரங்கி வெடித்தது.
எண்ணினேன். வேறென்ன செய்ய,
எண்ணியே பழகிய கை.
மிளகுக் கிடங்கின் புறாக்கள் கிளம்பி
கடல்மேல் ஒரு சுற்றுச் சுற்றி
அதே கூரைக்குத் திரும்பின.

சென்னப்பட்டணத்துக் கப்பல் கொண்டுவந்த சேதி:
பிராஞ்சுப் பாதுஷா தோற்றான்.
தோற்று ஐந்து மாதமாகிறதாம்.
நேற்றுவரை இந்தப் பினாங்குத் தீவில்
அவன் இன்னும் ஆண்டுகொண்டிருந்தான்.

செய்கு மதார் மரைக்காயர்
அச்சுக் காகிதத்தையும் துபாஷியையும்
என் மேசைக்கு அழைத்துவந்தார்.
"தமிழில் எழுதும். கடைத்தெருவில் வாசிக்கவேண்டும்.
மிளகு ஏறுமா இறங்குமா,
அதற்கு வேண்டியது மட்டும் போதும்."

துபாஷி சொல்லச் சொல்ல எழுதினேன்.
தானும் தன் சந்ததியும்
ராஜ்ஜியத்தின்மேல் பாத்தியதை விட்டொழித்தோம்.
எங்கள் பக்கம் தம்பி அண்ணனுக்கு எழுதிக்கொடுக்கும்
விடுதலைப் பத்திரத்தின் அதே வாசகம்.
பட்டம் மட்டும் அவனிடமே இருக்கும்.
சாகும்வரை ஆள ஒரு தீவு.
வருஷத்துக்கு இருபது லட்சம்.
பெண்சாதிக்குத் தனியே ஒரு சீமை.
காவலுக்கு நானூறு பேர்,
விருப்பப்பட்டுக் கூட வருகிறவர்கள்.

'விருப்பப்பட்டு' என்ற இடத்தில்
மை கொஞ்சம் சிந்திவிட்டது.

எனக்கும் ஒரு தாள் உண்டு.
துன்மதி வருஷம் மாசி, தூத்துக்குடித் துறை.
எங்கள் எல்லாருக்கும் சேர்த்து ஒரே தாள்.
பதினெட்டு ஊர்க் கணக்கெழுதிய கை இது;
அதில் ஒப்பமிட யாரும் கேட்கவில்லை.
ஷரத்து என்று பார்த்தால் இரண்டு:
காலில் இரும்பு. உயிர் உள்ளவரை தீவு.
இரும்பு கழன்று ஏழு வருஷம்;
வளையம் மட்டும் கணுக்காலில் கறுப்பாகக் கிடக்கிறது.
பெண்சாதியைப் பற்றி அதில் ஒரு எழுத்தும் இல்லை.
தாலியைக் கழற்றினாளோ, வைத்திருக்கிறாளோ,
எந்தப் பத்தியில் பதிவேன்?

கோட்டைக்குள் அடைந்துகிடந்த கடைசி மாதம்
வெடிமருந்து எத்தனை படி, ஈயம் எத்தனை துலாம் என்று
இரவில் ஓலையில் இறக்குவேன்.
முடிவில் சங்கிலிவீரன் ஒரு வரி சேர்க்கச் சொல்வான்:
பிராஞ்சுக் கப்பல் ஒன்று, வரவேண்டியது.
வரவுப் பத்தியிலா என்று கேட்டால்
பின்னே எங்கே என்பான்.
தினமும் எழுதினேன்.
அப்போது அவன் பாதுஷாவாகவே ஆகவில்லையாம்,
துபாஷி இன்றுதான் சொன்னான்.
நாங்கள் இருந்த காட்டின் பெயரை
அவனிடம் யார் போய்ச் சொல்லியிருப்பார்கள்?
அவன் தீவின் பெயரும் என் வாயில் நுழையவில்லை.
எல்பாவாம்.
கடையில் எடைக்கல்லுக்கு வைத்த பெயர்போல.

சங்கிலிவீரன் பினாங்கைப் பார்க்கவில்லை.
நிக்கோபாருக்கு இப்பால் எங்கோ
இரும்போடே கடலில் இறக்கினார்கள்.
கொல்லன் தூங்கிக்கொண்டிருந்தான்.

சூலியா தெருவில் மாலை வாசித்தேன்.
ஜாதிக்காய் மூட்டைமேல் சாய்ந்திருந்த ஒருவர்
"தோற்றவனுக்கு இருபது லட்சமா?
கடன்காரனிடம் சொல்லுங்கள், நானும் தோற்றேன்" என்றார்.
சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.
யுத்தம் நின்றால் கப்பல் கூலி இறங்கும்,
மிளகு ஏறும் என்று
பேச்சு அதற்குள் போய்விட்டது.

பதினாறாம் ஷரத்தை அங்கே வாசிக்கவில்லை.
கொட்டாவியோடு துபாஷி சொன்னது:
அவனைத் தீவுக்குக் கொண்டுபோக ஒரு கப்பல்;
போய்ச் சேர்ந்தபின் அந்தக் கப்பல் அவனுக்கே சொந்தம்.
இன்னொரு தடவை படி என்றேன். படித்தான்.
சரியாகத்தான் எழுதியிருக்கிறார்கள்.

ஆளைத் தீவில் வைத்து
கப்பலையும் அவன் வாசலில் கட்டிவிட்டுப் போவது
எந்த ஊர்க் கணக்கு?
ஓரத்தில் ஒரு புள்ளி வைத்தேன்,
பிழை கண்ட இடத்தில் வைப்பதுபோல.

இப்போது எதிரே கெடாக் கரையின் விளக்குகள்.
அது என் கரை இல்லை.
கிடங்கைப் பூட்டுமுன் பேரேட்டைத் திறந்தேன்.
மூட்டை முந்நூற்றுப் பதினொன்று, பற்று.
அதற்குக் கீழே, மரைக்காயர் பார்த்தால் பார்க்கட்டும்,
கப்பல் ஒன்று.
வரவு.