கீழ்த்தெரு படிவத்தில் இல்லை

மோல்மீனில் மழை விட்டு நாலு நாள்.
கால்வாய் வெட்டி இது மூன்றாம் வருஷம்.
'பயன் எவ்வளவு?
ஒன்று முதல் ஐந்துக்குள் வட்டமிடுக'
என்கிறது படிவம்.
தமிழும் பர்மியும் பேச வரும் என்பதால்
வீடுவீடாகக் கேட்டு நிரப்பும் வேலை எனக்கு.

என்ஜினியர் கோ மியிண்ட் தூ
மேட்டுத்தெரு முனையில்
கோடு கிழித்த இரும்புக்கம்பி நட்டிருக்கிறார்.
முன்பு முழங்கால், இப்போது கணுக்கால்.
அவர் கணக்கில் ஐந்து.
கம்பி பொய் சொல்லாது.
நட்ட இடத்தைத் தவிர
வேறொன்றும் அதற்குத் தெரியவும் தெரியாது.

மாரிக்கண்ணு செங்கல்லில் அளக்கிறாள்.
"கட்டில் காலுக்கு முட்டுக் கொடுக்க
போன வருஷம் மூணு, இந்த வருஷம் ஒண்ணு.
அந்த ஒண்ணையும் உருவியிருப்பேன்.
தண்ணி வடிஞ்சிடுச்சு,
பயம்தான் இன்னும் வடியலை."
எத்தனை போட?
"நீயே பார்த்துப் போடு."

ஹாஜா மைதீன் கடையில்
அரிசி மூட்டைகள் பலகையை விட்டு இறங்கி
தரையில் உட்கார்ந்திருக்கின்றன.
"அஞ்சு போடும்மா" என்றவர்
நான் படியிறங்கும்போது கூப்பிட்டார்:
"வரி ஏத்தத்தான் கேக்குறாங்கன்னா
ரெண்டாக்கிடு."

டோ கின் ஏ கதவைத் திறக்கவில்லை.
கால்வாய் போனது அவள் தோட்டத்தின் வழியாக.
ஜன்னல் கம்பிக்குப் பின்னால் இருந்து கேட்டாள்,
"மரத்துக்கு எத்தனை நம்பர்?"
அதற்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில் எழுதினேன்:
பலா. ஒன்று. காய்த்துக்கொண்டிருந்தது.

எட்டு வயசு தங்கவேலு மட்டும்
கேட்காமலே மார்க் போட்டான்.
முன்பெல்லாம் வாசற்படிக்கே வருமாம் கெளுத்தி,
இப்போது பாலம் வரை நடக்க வேண்டுமாம்.
"முட்டை போடு அக்கா."
ஒன்றுக்குக் கீழே இடமில்லை என்றேன்.
"ஏன்?" என்றான்.

நாற்பத்திரண்டு வீடு.
கூட்டி வகுத்தால் நாலே கால்.
நல்ல மார்க்.
திட்டம் ஜெயித்ததென்று
அடுத்த ஊருக்கும் எடுத்துப் போவார்கள்.

என் வீடு கீழ்த்தெருவில்.
கோயில் மதிலோடு முடிகிறது அவர்கள் வரைபடம்.
கால்வாய் முடிவதும் அங்கேதான்.
தண்ணீர் முடியவில்லை.
மாரிக்கண்ணு உருவிய இரண்டு செங்கலும்
இப்போது எங்கள் கட்டிலுக்கடியில் இருக்கின்றன,
அவளே கொடுத்தனுப்பினாள்.
அதை எந்த வீட்டுக் கணக்கில் எழுத?

பையில் மூன்று படிவம் மிச்சம்.
செருப்பைக் கையில் பிடித்தபடி
நீரில் நின்றே ஒன்றை விரித்தேன்.
பெயர் எழுதினேன், வீட்டு எண் எழுதினேன்.
தெரு என்ற இடத்தில்
மேட்டுத்தெரு என்று முன்பே அச்சாகியிருந்தது.
அதன் மேல் ஒரு கோடு இழுத்தேன்,
கொஞ்சம் கோணலாக.

பக்கத்து வீட்டு மீ சோன் எட்டிப் பார்த்தாள்.
"அது காய்ந்த தாளா?
அடுப்புப் பற்ற வைக்க ஒன்றுமில்லை இங்கே."

இரண்டைக் கொடுத்தேன்.