அரசுத் தரப்பு சாட்சி இரண்டு

முதலில் சிவந்தது என் விரல்தான்.
ஆறு ஐந்நூறு ரூபாய்த் தாளில்
பொடி தடவி, என்னைத் தொடவைத்து,
தம்ளர் தண்ணீரில் முக்கச் சொன்னார்கள்.
ரோஸ் நிறம்.
"பாத்துக்கங்க சார், இப்பிடித்தான் மாறும்."
கால்நடைத் துறை கிளார்க் நான்;
கோமாரி ஊசிக் கணக்கைத் தவிர
எதற்கும் சாட்சி நின்றதில்லை.

மதியம் உசிலம்பட்டி தாலுகா ஆபீஸ்.
ஒச்சப்பன் நீட்டினார்.
எச்சில் தொட்டு எண்ணினார் சர்வேயர், ஆறையும்.
அவர் முக்கிய தண்ணீரும் அதே ரோஸ்.

ஏழு வருஷம் கழித்து மதுரைக் கோர்ட்டில்
கூண்டுக் கட்டையைப் பிடித்தபடி
"ஞாபகம் இல்லைங்க" என்றார் ஒச்சப்பன்.
அவருடைய நாற்பது சென்ட் பட்டா
இன்னும் அந்த ஆபீஸில்தான் கிடந்தது.

வக்கீல் என் பக்கம் திரும்பினார்:
"உங்க கையும் அன்னைக்குச் சிவந்துச்சா, இல்லையா?"
"சிவந்துச்சு."
டைப்பிஸ்ட்கூடச் சிரித்தார்.
காலையில், செய்து காட்டுவதற்காக என்பதைச்
சொல்வதற்குள் அடுத்த கேள்வி.

தீர்ப்பன்று யாரும் கூப்பிடாமலே போனேன்.
புகார் தந்தவர் பிறழ்ந்தாலும்
மற்ற சாட்சியம் போதும் என்று
மேல்கோர்ட்டுத் தீர்ப்பொன்றைக் காட்டி
நீதிபதி வாசித்தார்.
ஃபேன் சத்தத்தில் பாதி போயிற்று.
மூன்றாண்டு என்பது மட்டும் கேட்டது.

சைக்கிள் ஸ்டாண்டு ஓரம் ஒச்சப்பன்.
கும்பிட எழுந்த கை பாதியில் நின்றது.
"சார், வற்புறுத்தி வாங்குனா
ஏழு நாளுக்குள்ள சொல்லிட்டா
குடுத்தவன் மேல கேஸ் இல்லையாமே?"
"ஆமா. எதுக்கு?"
விரல்விட்டு எண்ணினார்.
"இன்னைக்கு அஞ்சாவது நாள்."