கையால் திருத்தாதீர்

நாற்பது வரியில் எழுதியிருந்தேன்.
மீன் வந்தால் எடை பார்.
உப்புநீர் சூடேறினால் குளிர்விப்பானை எழுப்பு.
போதுமென்றால் படுக்கச் சொல்.
என் மொழியில் அது கிட்டத்தட்ட வாய்ப்பேச்சு.

ஆனால் இஸாஃப்யோர்துர் துறைமுகத்தில்
காட் மீன் ஓடும் பெல்ட்டுக்கு அடியில்
திருகி வைத்திருக்கும் சில்லுக்கு
சி மொழி ஒன்றுதான் காதில் விழும்.

மொழிமாற்றியிடம் கொடுத்துவிட்டுக்
காபி ஊற்றித் திரும்பினேன்.
பதினோராயிரம் வரி.
நான் "வகு" என்று சொன்ன இடத்தில்
அது இடம் கேட்டு வாங்கி, துடைத்து, எண்ணி,
சுழியத்தாலா வகுக்கிறாய் என்று ஒருமுறை விசாரித்து,
வகுத்து,
வாங்கிய இடத்தைத் திருப்பிக் கொடுத்திருந்தது.
பெயர்களெல்லாம் டி_416, டி_417.
தலைமாட்டில் ஒரு வரி:
தானாக எழுதப்பட்டது. கையால் திருத்தாதீர்.

ஜூலையில் இங்கே இருட்டு கிடையாது,
எனக்கு வேலையும் கிடையாது.
உட்கார்ந்து பேன் பார்த்தேன்.
டி_417-க்குக் குளிர் என்று பெயர் வைத்தேன்.
ஒரு வகுத்தலின் வாலில்
மீதி இருந்து, குறிகளும் முரண்பட்டால்
ஒன்றைக் குறை
என்றொரு ஒட்டு.
எதற்கிது?
எடுத்தேன்.
சோதனைகள் அத்தனையும் பச்சை.
தொட்டி அப்போது மூன்று டிகிரியில் இருந்தது.

அக்டோபரில்
உறைநிலைக்குச் சற்றுக் கீழே இறக்கச் சொன்னார்கள்.
நான்காம் நாள் போகுமிலா
கையுறையைக்கூடக் கழற்றாமல் வந்து
ஒரு மீனை என் மேசையில் தட்டினாள்.
டக்.
யாரோ கதவைத் தட்டியது போல.
"இது மீனா சோல்ரூன், விறகா?"

உணரி அரை டிகிரிகளில் எண்ணும்.
மைனஸ் மூன்று என்றிருக்கிறது.
இரண்டால் வகுக்க வேண்டும்.
என் மொழி கீழே இறங்கும்:
மைனஸ் இரண்டு. போதும், படு.
சி சுழியத்தின் பக்கம் சாயும்:
மைனஸ் ஒன்று. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்.
சுழியத்துக்கு மேலே இருக்கும்வரை
இரண்டும் ஒரே விடை சொல்லும்.
கீழே இறங்கினால்தான் தெரியும்
இரண்டும் வேறு வேறு ஊர்.

அந்த ஒட்டை நான் எழுதவில்லை.
என் நாற்பது வரியில் அது எங்கேயும் இல்லை.
ஆனாலும் நான் சொன்னதில் இருந்திருக்கிறது.
அது பத்திரமாக எடுத்துப்போனதைத்
தூசி என்று தட்டிவிட்டவள் நான்.
நான்கு டன், நாய்த்தீவன விலைக்குப் போயிற்று.

மறுபடி ஓட்டினேன். ஒன்பது நொடி.
ஒட்டு தன் இடத்துக்கு வந்துவிட்டது,
என்மேல் ஒரு கோபமும் இல்லாமல்.
குளிர் போய்விட்டது.

போகுமிலா திரைக்குக் குனிந்தாள்.
"இதில் எது தொட்டி?"
இது, என்று விரல் வைத்தேன்.
இல்லை, இதற்கு மேலே.
டி_471-ஓ?
இருவருமாகத் தேடிக்கொண்டிருந்தோம்.
மேசையில் மீன்
மெல்ல நீர்விடத் தொடங்கியிருந்தது.