மூன்றாம் தேதி இரவின் நாற்காலிகள்

ஜூலை மூன்று, இரவு ஒன்பது.
பிளம் ஃபோர்க்கின் ஒரே பெரிய வீதியில்
ஆட்களுக்கு முன்னமே
நாற்காலிகள் வந்து உட்கார்ந்துவிட்டன.

மடக்கு நாற்காலிகள், மீன்பிடிக்கும் முக்காலி,
கால் ஒடிந்து கம்பி சுற்றிய ஒன்று,
தேவாலயத்தில் இரவல் வாங்கிய ஏழு.
யாரும் பூட்டுவதில்லை.
யாரும் நகர்த்துவதில்லை.
தொண்ணூற்றிரண்டில் ஒரே ஒரு முறை
வெளியூர்க்காரன் ஒருவன் நகர்த்தினான்.
அவன் பெயர் யாருக்கும் தெரியாது;
கதை எல்லோருக்கும் தெரியும்.

நான் வெர்ன் ஹ்ரூஷ்கா.
நகராட்சியின் பெருக்கு வண்டி ஓட்டுகிறேன்.
அணிவகுப்பில் என் இடம் கடைசி,
குதிரைகளுக்கும் பின்னால்.
முன்னே போகிறவர்களுக்குக் கைதட்டல்,
எனக்கு லத்தி.
பத்தொன்பது வருடமாகப் புகாரில்லை.

காலை பத்துக்குத் தீயணைப்பு வண்டி அலறுகிறது.
மடியில் வளர்ந்த நாய்களுக்கெல்லாம்
தாங்கள் ஓநாயாக இருந்தது ஞாபகம் வருகிறது.
கொடி வருகிறது, தெரு எழுகிறது.
கொடி கடக்கிறது, தெரு உட்கார்கிறது.
சோளக்கொல்லையில் காற்று போகும் விதம் அது.

பள்ளி வாத்தியக் குழு, பதினோரு பேர்.
டூபா ஊத ஆளில்லை; கணக்கு வாத்தியார் ஊதுகிறார்,
விடை சரியா என்ற சந்தேகத்தோடு.
எல்லோரும் மிட்டாய் வீச
பல் மருத்துவர் டூத்பிரஷ் வீசுகிறார்.
பிள்ளைகள் அதையும் பொறுக்குகிறார்கள்,
கொஞ்சம் வருத்தத்தோடு.
பச்சை டிராக்டர்கள், சிவப்பு டிராக்டர்கள்
(எங்கள் ஊரில் அவைதான் இரண்டு கட்சி).
திறந்த காரில்
கொரியப் போருக்குப் போனவர்கள் சங்கம்:
ஒருவர்.
பக்கத்து இருக்கையில் இன்னொரு தொப்பி.

மருந்துக்கடை வாசலில் எமில் வோபோரிலும் லெராய் வோபோரிலும்.
வேலி நாலடி தள்ளிப் போனதில்
அண்ணன் தம்பி பேச்சு நின்று பதினாலு வருடம்.
ஆனால் அது அவர்கள் அப்பா உட்கார்ந்த இடம்.
இருவருமே விட்டுத்தரத் தயாரில்லை.
ஆகவே வருடத்துக்கு ஒரு நாள்
முழங்கை உரச உட்கார்ந்து
நேரே பார்க்கிறார்கள்.

இந்த வருடம் நூலகத்தின் ரதம் நின்றுவிட்டது.
லாரி நீளத்துக்குக் காகிதக் கெளுத்தி மீன்,
அதன் வயிற்றில் ஒன்பது குழந்தைகள்.
இழுத்துப் போன டிராக்டர்
இருமி, புகைத்து,
மருந்துக்கடைக்கு நேரே மூச்சை விட்டது.
பின்னால் குதிரைகள். அதற்கும் பின்னால் நான்.
டூபா மட்டும் இரண்டு தெரு தள்ளி
விஷயம் தெரியாமல் ஊதிக்கொண்டிருந்தது.

யாரும் கூப்பிடவில்லை.
நாற்காலிகள் காலியாயின, நேற்று இரவுபோல.
வங்கிக்காரி குதிகால் செருப்பைக் கழற்றினாள்.
பல் மருத்துவர் திரும்பி ஓடி வந்தார்.
எமில் இடப்பக்கம் தோள் கொடுத்தார்.
லெராய் வலப்பக்கம்.
நடுவில் மீனின் வால்.
ஊர் கூடி இழுத்தால் நகராதது எது?
நகர்ந்தது.
வயிற்றுக்குள்ளிருந்து ஒன்பது குரல்கள்
'இன்னும் வேகமா!' என்றன.

சமாதானம் ஆயிற்றா என்று கேட்பீர்கள்.
இல்லை.
ரயில் தண்டவாளம் வரை தள்ளிவிட்டு
ஆளுக்கொரு ஓரமாக நடந்து வந்து
அதே இடத்தில் உட்கார்ந்தார்கள்.
எமிலின் உள்ளங்கையில் மீனின் பச்சைப் பெயிண்ட்.
லெராயின் கையிலும்.
இருவரும் ஒரே மாதிரி, புறங்கையை முதலில்,
கால்சட்டையில் துடைத்துக்கொண்டதைக்
கடைசியில் வருகிறவன் பார்த்தேன்.

மதியம் பெருக்குகிறேன்.
மிட்டாய்த் தாள், லத்தி, ஒரு பச்சைச் செதில்,
உறை பிரிக்காத டூத்பிரஷ்
(அதை வைத்துக்கொண்டேன்).
வீதி முழுக்க நாற்காலிகள் மடங்கி, கார்களில் ஏறிப் போய்விட்டன.
மருந்துக்கடை வாசலில் மட்டும் இரண்டு.
முதலில் எழுவது யார் என்று
இன்னும் முடிவாகவில்லை.

தண்ணீரை நிறுத்திவிட்டு, தூரிகையைத் தூக்கிக்கொண்டு
அவர்களைச் சுற்றி வண்டியை ஓட்டினேன்.