கீழ்ப்பாதி

சுவரொட்டியில் இருப்பவள் மிர்த்சா.
ஆர்வித்ஸ் அவளை ரம்பத்தால் இரண்டாக அறுக்கிறார்,
ஞாயிறு மட்டும் இரண்டு காட்சி.
அறுபட்ட பின் இடுப்புக்குக் கீழே
இருப்பவள் நான்.

மேசையைப் பார்ப்பவர்கள்
இரண்டு விரல் கனம் என்பார்கள்.
விளிம்பை அப்படிச் சீவியிருக்கிறது.
நடுவில் ஒரு பள்ளம். அதில்
திரை விலகும் முன்பே மடங்கிக் கிடப்பேன்,
முழங்கால் மோவாயில் இடிக்க,
போன வாரத்து மரத்தூள் மூக்கில் ஏற,
தும்மலை விழுங்கிக்கொண்டு.

மிர்த்சா பெட்டிக்குள் இறங்கும்போது
ரீகா நகரமே கைதட்டும்.
அவள் தன் கால்களை மார்போடு சுருட்டிக்கொள்வாள்.
நான் என் கால்களைத்
துளைகள் வழியே வெளியே நீட்டுவேன்.
ஒரு மூச்சு நேரம்தான்.
அந்த மூச்சுக்காக ஒரு பனிக்காலம் முழுக்கப்
பூட்டிய கொட்டகையில் பழகினோம்.

மேடைக்கு வந்தவர் கணுக்காலில் கிச்சுகிச்சு மூட்டினால்
கூச்சம் எனக்கு, சிரிப்பு அவளுக்கு.
நடுப்பலகையைத் தலையால் ஒரு தட்டுத் தட்டுவேன்,
அவள் கலகலவென்பாள்.

காலணிகள்தான் தொல்லை.
மிர்த்சாவின் பாதம் முப்பத்தாறு.
என்னுடையது முப்பத்தொன்பது,
துறைமுகத்தில் மீன்கூடை சுமந்து பரந்த பாதம்.
ஆர்வித்ஸ் செருப்புத் தைக்கும் யேகப்ஸிடம் போய்
"வெள்ளி நிறத்தில் இரண்டு ஜோடி,
பார்வைக்கு ஒன்றுபோல" என்றார்.
அக்காள் தங்கைக்குப் பிறந்தநாள் என்று
கேட்காமலே ஒரு காரணமும் சொன்னார்.
பாதிப் பணம் கொடுத்தார்.
மீதியைக் காற்றில் மறைத்தார்.

பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை.
டௌகவா ஆறு உறைந்து கிடந்தது, கூட்டம் குறைவு.
"யாராவது ஒருவர் மேடைக்கு!"
வந்தவரின் காலடி ஓசை மட்டும்தான் எனக்கு.
ஆர்வித்ஸின் குரல்
இல்லாத படி ஒன்றில் தடுக்கியது.

பிறகு இரண்டு கைகள்.
மற்றவர் கைகளைப்போல அவை பற்றவில்லை.
கட்டைவிரல் குதிகாலின் தையலைத் தேடிப்போனது,
விளிம்போடு நடந்தது,
சுண்டுவிரலருகே இடம் போதாமல்
நான் பிரித்துவைத்திருந்த நூலில் நின்றது.
மெழுகு பூசிய நூல்.
அவர் பூசிய மெழுகு.

உள்ளே போனவள் முப்பத்தாறில் நடந்தவள்.
கைகளுக்குத் தெரிந்துவிட்டது,
மேசை, பள்ளம், நான், மீன்கூடை உட்பட.
தட்ட மறந்தேன்.
மிர்த்சா தானாகவே சிரித்தாள், தப்பான இடத்தில்.

"ஐயா, சபைக்குச் சொல்லுங்கள்.
உள்ளே போன அதே அம்மாவின் கால்தானா?"
தினமும் கேட்கும் கேள்வி. அன்று
அதன் வால் நடுங்கியது.

யேகப்ஸ் தொண்டையைச் செருமினார்.
"நான் செருப்புத் தைப்பவன். எனக்குத் தெரியும்.
அதே கால்தான்."

இரண்டையும் ஒன்றாக்கியது அவர் கைதானே.
தன் பொய்யைத் தானே காட்டிக்கொடுப்பாரா?

மறுநாள் காலை பாக்கி கேட்டு ஒரு பையன் வந்தான்.
சீட்டில் வட்டியும் இருந்தது.
ஆர்வித்ஸ் எண்ணிக் கொடுத்தார்,
ஒரு நாணயமும் மறையவில்லை.

ஆனால் அதற்கு முன், அன்றிரவே,
பின்வாசல் வழியே வந்து டிராமுக்கு நின்றேன்.
சுற்றிலும் மிர்த்சாவைப் பற்றியே பேச்சு.
கண்ணாடி என்றார் ஒருவர்.
ரப்பர் கால் என்று அடித்துச் சொன்னாள் ஒரு பெண்.
என் ரப்பர் கால்கள் பனியில் மரத்துப்போயிருந்தன.

டிராமில் யேகப்ஸ் உட்கார்ந்திருந்தார்.
முகம் பார்க்கும் பழக்கமில்லாதவர்.
வரிசையாகப் பூட்ஸ்களைப் பார்த்துக்கொண்டே வந்து
என்னிடம் நின்றார்.
எழுந்தார்.
"உட்காருங்கள் அம்மா,
நாளெல்லாம் நின்றிருப்பீர்கள்."

படுத்தே கிடந்தேன் என்று சொல்ல
நாக்கு நுனிவரை வந்தது.
உட்கார்ந்தேன்.
ஆற்றங்கரையில் டிராம் திரும்பும்வரை
இருவருமே
என் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.