முழங்காலுக்குக் கீழே

நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை
மைனாட்டுக்கு வடக்கே, மாவட்டச் சாலையில்
பனி தள்ளும் லாரி ஓட்டுகிறவள் நான்.
என்னோடு பேசுவது வைப்பரும் வயர்லெஸ்ஸும்.
வயர்லெஸ்ஸுக்கு "சரி" என்றால் போதும்.
அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டே
நாற்பத்து நான்கு வயது வரை வந்துவிட்டேன்.

மார்ச்சில், பள்ளிக்கூடச் சாப்பாட்டு அறையில்
இரண்டு சனிக்கிழமை வகுப்பு.
கட்டணம் அறுபது டாலர், விதிப் புத்தகம் இலவசம்.
நடத்தியவள் ப்ரின் ஹாக்ஃபெல்ட்.
இருபத்தாறு வயது, மற்ற நாளெல்லாம் தபால் பிரிப்பவள்.
பதினோரு பேரையும் சுவரோரம் நிறுத்தி
"ஸ்ட்ரைக் சொல்லுங்கள்" என்றாள்.
சொன்னேன்.
"அது விசாரிப்பு. எனக்குத் தீர்ப்பு வேண்டும்."
மறுபடி சொன்னேன்.
ஐஸ்கிரீம் பெட்டியின் மோட்டார்
என்னைவிடச் சத்தமாக இருந்தது.

வீட்டுக் கராஜில் பழகினேன்.
துணி துவைக்கும் இயந்திரம் பேட்டர்,
கவிழ்த்த வாளி கேட்சர்.
பக்கத்து வீட்டு டுவேன் வேலிக்கு மேல் எட்டி
"யாரை அவுட்டாக்குகிறாய்?" என்றான்.
"இன்னும் தெரியாது" என்றேன்.

இன்ஃபீல்ட் ஃப்ளை விதியை ஒன்பது முறை படித்தேன்.
பந்து வானத்தில் இருக்கும்போதே
அடித்தவள் அவுட்.
பிடித்தாலும் அவுட், நழுவவிட்டாலும் அவுட்.
இப்படியும் ஒரு தீர்ப்பு உண்டென்று
என் விவாகரத்தின்போது
யாராவது சொல்லியிருக்கலாம்.

ஐம்பது கேள்வியில் நாற்பத்து மூன்று சரி.
தபாலில் ஓர் அட்டை வந்தது,
சட்டையின் இடக்கையில் தைக்க ஒரு துணி முத்திரை.
தைத்தேன், சாய்ந்தது. பிரித்துத் தைத்தேன்.
அப்போதும் சாய்ந்துதான் இருந்தது.

முதல் ஆட்டம் மே மாதக் கடைசியில்,
பன்னிரண்டு வயதுச் சிறுமிகள்.
இடப்பக்க எல்லைக்கு அப்பால் தானியக் கோபுரம்,
கனடாவிலிருந்து நேராக வரும் காற்று.
முகமூடிக்குள் என் மூச்சே எனக்கு வெந்நீர்.

பந்து கையுறைக்குள் போன பிறகு
ஒரு நொடி பொறு என்பது பாடம்.
பார், நில், பிறகு வாய் திற.
அந்த ஒரு நொடிக்குள்
எத்தனை அப்பாக்கள் குடியிருக்கிறார்கள்!
"இருக்கலாம்" என்பதற்கு இங்கே இடமில்லை.
"லாம்" என்ற வாலை வெட்டிவிட்டுத்தான்
முகமூடி மாட்ட வேண்டும்.

ஐந்தாம் இன்னிங்ஸ். இரண்டு அவுட்.
மூன்று பால், இரண்டு ஸ்ட்ரைக்.
மூன்று தளத்திலும் ஆள்.
வந்த பந்து முழங்காலுக்குக் கீழே.
எனக்குத் தெரிந்தது,
வாய் திறந்த பிறகு.

ஸ்ட்ரைக் என்ற சொல் அன்றுதான்
வயிற்றிலிருந்து வந்தது.
கோபுரம் வரை போய்த் திரும்பியது.
ப்ரின் கேட்டிருந்தால் கைதட்டியிருப்பாள்.

பேட்டர் சண்டை போடவில்லை.
கடையில் சில்லறை குறைந்தால் பார்ப்பதுபோல
ஒரு முறை பார்த்தாள், போய்விட்டாள்.
கேட்சர், பல்லில் கம்பி கட்டியவள்,
எழுந்துகொண்டே, திரும்பாமலே சொன்னாள்:
"தாழ்வுதான்."
அவள் அணி ஜெயித்துக்கொண்டிருந்தது.

ஹோம் பிளேட்டைத் துலக்கக் குனிந்தேன்.
முதுகு மைதானத்துக்கு, முகம் கூட்டத்துக்கு.
அப்படித்தான் குனிய வேண்டும்.
மண் போன பிறகும் துலக்கினேன்.
யாரோ பாப்கார்ன் கேட்டார்கள்.
யாரோ மழை வருமா என்று வானத்தைப் பார்த்தார்கள்.

சரிக்கட்டக் கூடாது என்பதும் பாடம்.
அடுத்த பந்தில் இனாம் கொடுத்தால்
தப்பு இரண்டாகும்.
கொடுக்கவில்லை.
கை அரித்தது.

உறையில் முப்பத்தைந்து டாலர்.
வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது.
எண்ணும் கருவி இன்னும் இடது உள்ளங்கையில்,
கட்டைவிரல் தானாகவே திருப்பி வைத்திருந்தது:
மூன்று, இரண்டு.
சரக்குப் பெட்டிகள் போய்க்கொண்டே இருந்தன.
கண்ணாடியை ஏற்றிவிட்டுச் சொல்லிப் பார்த்தேன்.
"பால்."
இன்னொரு முறை, வயிற்றிலிருந்து.

பின்னால் ஹார்ன் அடித்தார்கள்.
கேட் எப்போதோ திறந்திருந்தது.