நாலு எம்.எம்.

ஏற்காட்டு பங்களா ஓட்டலுக்கு ஆறு கடிகாரக் கூடு.
நடுவில் மேடு, இருபுறமும் சரிவு,
யாரோ கழற்றி வைத்த தொப்பி போல.
"பார்த்தால் எண்பது வயசு சொல்லணும்"
என்றார் மேனேஜர் தேவசகாயம்.
உள்ளே ஓடப்போவது பென்சில் பேட்டரி.

காப்பித் தோட்டத்தில் நிழலுக்கு நின்ற சில்வர் ஓக்கை
ஒன்றரை எம்.எம். தகடுகளாகச் சீவி வாங்கினேன்.
அதில் ஆறு, மேலே ஈட்டி மரத் தகடு ஒன்று.
முதுகில் பசை, முகத்தில் பசை,
அச்சின் மேல் படுக்கவைத்துப் பதினாறு கிளாம்ப்.
நடுவிலிருந்து ஓரத்துக்கு இறுக்கணும்;
ஓரத்தில் தொடங்கினால்
நடுவில் காற்று குடியேறிவிடும்.

மறுநாள் கழற்றினால்
காலை நாலு எம்.எம். அகட்டி நின்றது கூடு.
அடுத்ததும் நாலு. அதற்கடுத்ததும்.
செங்கோடன் பசையைத் திட்டினான்,
நான் மரத்தைத் திட்டினேன்,
சூரமங்கலத்தில் அன்று கரண்டும் இல்லை.

ராத்திரி தோசை திருப்பும்போதுதான் உறைத்தது:
தப்பு மாறாமல் வருகிறதென்றால்
அது தப்பில்லை, அளவு.
விடிந்ததும் அச்சை இழைத்தேன்,
வேண்டியதைவிட நாலு எம்.எம். குறுகலாக.
அந்தக் கோணல் அச்சிலிருந்து எழுந்து
மூச்சு விட்டு
வரைபடத்தின் மேல் கச்சிதமாக உட்கார்ந்தது கூடு.

ஐந்து முடிந்தன. ஆறாவது காய நேரமில்லை.
கிளாம்ப் மாட்டியபடியே மினி லாரியில் ஏற்றினோம்.
இருபது கொண்டை ஊசி வளைவு,
ஒவ்வொன்றிலும் இரும்பு முனகியது.
பதினான்காவதில் பனி இறங்கி
தார்ப்பாய்க்குள் கை நுழைத்தது.

மேலே போய்க் கழற்றியபோது
டப்.
இடது தோளில் ஈட்டித் தகடு வாய் திறந்துகொண்டது,
ஒரு நெல் நுழையும் அளவு.

நான் மன்னிப்புக்கு வார்த்தை தேடுவதற்குள்
தேவசகாயம் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்தார்.
"எண்பது வயசுன்னா இதுதாம்மா!
மத்த அஞ்சுலயும் இதே மாதிரி போட்டுக் குடுங்க."

செங்கோடன் சிரிப்பை அடக்க வண்டிக்குப் பின்னால் போனான்.

இறக்கிக் கொண்டுவந்து
உளி வைத்துப் பார்த்தேன், வெந்நீர் ஊற்றிப் பார்த்தேன்.
எந்த விரிசலும் அந்த வாய் போல் இல்லை,
உளி பட்ட காயம் என்று
உளியையே காட்டிக்கொடுத்தது.

ஆகவே இன்று
புதிதாக ஐந்து கூடு, பசை ஈரத்தோடு, கிளாம்ப்போடு,
மறுபடி மலையேறுகின்றன.
பில்லில் எழுதிவிட்டேன்:
பனி, பதினான்காம் வளைவு,
தலா முந்நூறு.